கிராணி வீட்டு வேலிக்கட்டை: 16 வருடக் குறிப்புகள்

பொங்கலுக்கு மறுநாள் காலையில் எனக்கு ஒரு வேலை உண்டு. சட்டியில் வளர்க்கும் என் போன்சாய் மரத்தின் பின்பக்கம் இருக்கும் வெட்டுக்காயத்தின் மேல் பழைய கணக்குப் புத்தகத் தாள் ஒன்றை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்ப்பேன். காயத்தின் விளிம்பு அப்படியே தாளில் இறங்கிவிடும். 2011 பொங்கலுக்கு எடுத்த அச்சு கோழிமுட்டை அளவு. இந்த 2025-இல் எடுத்தது பச்சைப் பட்டாணி அளவு. இரண்டுக்கும் நடுவில் 13 தாள்கள். என் போன்சாய்க்கு ஒழுங்காக நான் வைத்திருக்கும் பதிவு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நினைவிலிருந்தும், கைப்பேசியில் கிடக்கும் மங்கலான படங்களிலிருந்தும் எழுதுகிறேன்.

மரத்தின் பெயர் ஷுய் மெய். ஷுய் என்றால் சீனத்தில் தண்ணீர். தாவரப் பெயர் ரைட்டியா ரெலிஜியோசா. தமிழ்நாட்டு வெட்பாலையின் பங்காளி. கிள்ளினால் பால் வடியும். வெள்ளைப் பூ, ஐந்து இதழ், நூல் மாதிரிக் காம்பில் தரையைப் பார்த்துத் தொங்கும், நல்ல வாசம். மலேசியாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் யாருக்கும் இதன் பெயர் தெரியாது. அம்மாவுக்கு அது 'கிராணி வீட்டு வேலி' (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை). அவ்வளவுதான்.

இதற்கு முன் ஒரு தோல்வி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2006-இல் கேமரன் மலைக்குப் போனபோது ஒரு செடிக்கடையில் ஜப்பானிய மேப்பிள் கன்று ஒன்றை 45 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கி வந்தேன். போன்சாய் என்றால் இலையுதிர் மரம்தான் என்று எனக்கு ஒரு பிடிவாதம். இலை இருக்கும்வரை கோணல் கொப்பும் குறைக்கொப்பும் தெரியாது. இலை விழுந்த பிறகுதான் செய்த வேலையின் லட்சணம் வெளியே வரும். ஆனால் மேப்பிளுக்குக் குளிர்காலம் வேண்டும். சில வாரங்களாவது நல்ல குளிரில் தூங்கினால்தான் அதன் மொட்டு ஒழுங்காக விழிக்கும். சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். முதல் வருடம் இலை நுனி கருகியது, இரண்டாம் வருடம் கொழுந்து குச்சியாக நின்றது, மூன்றாம் வருடம் மரமே இல்லை. ஐஸ்பெட்டியில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் மீன் வைக்கவே இடமில்லை என்று பதில் வந்தது.

ரப்பர் மரமே இலையுதிர் மரம்தான். பிப்ரவரியில் வெயில் ஏறும்போது இலை சிவந்து, மஞ்சளாகி, ஒரு காற்றில் நிரை முழுக்கக் கொட்டும். பாலும் குறையும். மார்ச்சில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வரும். ஆனால் மூன்று இலைக் கொத்து ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அதைச் சட்டியில் வைத்தால் குடை விரித்த மாதிரி இருக்கும். இந்த ரப்பர் மரங்கள் பின்னால் வேறு வகையில் உதவின, வருகிறேன்.

2009 மார்ச்சில் தோட்டத்துப் பழைய ரப்பரையெல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டார்கள். கிராணி வீட்டையும் இடித்தார்கள். வேலியில் இருபதுக்கும் மேல் ஷுய் மெய். முப்பது வருடமாவது இடுப்பு உயரத்துக்கு வெட்டி வெட்டி வளர்த்ததால், மேலே மெலிந்தும் அடியில் யானைக்கால் மாதிரியும் இருந்தன. மண்தள்ளி ஓட்டியவரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, எனக்கு வேலை மிச்சம்" என்றார். என்னால் நாலுதான் தோண்ட முடிந்தது. ஒன்று தேறியது.

அந்த ஒன்றின் அடி 9 சென்டிமீட்டர் குறுக்களவு. மண்வெட்டியால் சுற்றிலும் ஒரு முழம் தள்ளி வெட்டி, தடித்த வேர்களை வாளால் அறுத்தேன். அறுத்த இடமெல்லாம் பால். துடைத்துவிட்டு நிழலில் வைத்து, பால் உறைந்தபின்தான் நட்டேன். ஈரப் பாலோடு மண்ணில் வைத்தால் அழுகும் என்று அப்பா சொன்னார். தலையை 18 சென்டிமீட்டரில் வெட்டினேன். கடைசியில் மரம் எவ்வளவு உயரம் இருக்கப் போகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் முதல் வெட்டு. மேலே புதுக்கொப்பு ஒன்றை விட்டு வளர்த்து, அது தடித்ததும் மறுபடி வெட்டி, மறுபடி வளர்த்து... இப்படித்தான் அடி பெருத்து நுனி சிறுத்த உருவம் வரும். வெறும் ஆற்றுமணலில் நட்டு, உரப்பையைக் கவிழ்த்து மூடி, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் நிழலில் வைத்தேன். மூன்றாவது வாரம் பட்டையில் கடுகு மாதிரிப் பச்சைப் புள்ளிகள்.

இங்கேதான் முதல் தப்பு. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் எதையும் கிள்ளாமல் விட்டேன். வெட்டின விளிம்பைச் சுற்றி ஒரே வட்டத்தில் ஒன்பது தளிர். எல்லாம் சேர்ந்து தடிக்கத் தடிக்க அந்த இடம் வீங்கி, மரம் தலைப்பாகை கட்டின மாதிரி ஆகிவிட்டது. கீழே 9, நடுவில் 6, வீக்கத்தில் 7. நடுவைவிட மேலே பெருத்தால் அந்த மரம் எத்தனை வருடமானாலும் சின்ன மரமாகத்தான் தெரியும். 2010 கடைசியில் ஒரு தளிரை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்வாக அறுத்து வீக்கத்தைக் கழற்றினேன். மேலே சொன்ன கோழிமுட்டைக் காயம் அதுதான். முதல் இரண்டு மாதத்திலேயே ஒரு இடத்தில் இரண்டு தளிருக்கு மேல் விடாமல் கிள்ளியிருந்தால் இந்தக் காயமே சிறியதாக முடிந்திருக்கும்.

கட்டையை எடுத்துக்கொண்டு ஊரில் போன்சாய் வைத்திருந்த சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போனேன். வயதானவர், காந்தோனீஸ்காரர். நான் கொழுந்தைப் பெருமையாகக் காட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. சைக்கிள் ஸ்போக்கால் அடிமண்ணைக் கிளறிக்கொண்டே, "தா பாயா தெங்ஙோ டாவுன், தெங்ஙோ ஆகார்" என்றார் மலாயில். இலையைப் பார்க்காதே, வேரைப் பார். பார்த்தேன். இடப்பக்கம் மூன்று நல்ல வேர், பின்னால் ஒன்று, முன்பக்கமும் வலப்பக்கமும் மொட்டை. ஒரு பக்கம் செருப்பு இல்லாமல் நிற்கிற ஆள் மாதிரி.

2011-இல் வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் நட்டேன். சட்டியில் 10 வருடத்தில் தடிப்பது நிலத்தில் 3 வருடத்தில் தடிக்கும். கட்டையின் அடியில் ஒரு அடிச் சதுரத் தரை ஓடு ஒன்றை வைத்தேன். வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் படரும். ஆணிவேர் இல்லாத, தட்டையான வேர்ப்பரப்பு இருந்தால்தான் பின்னால் ஆழமில்லாத சட்டியில் உட்காரும். மாட்டுச்சாணி எரு, இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி பச்சை நிற ரசாயன உரம் 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவு). தலைக்கொப்பை வெட்டவே இல்லை. கூரை வரை போனது. தெருவில் போகிறவர்கள் "என்னண்ணே, குட்டி மரம்னு சொன்னீங்க?" என்று கேட்டார்கள். 2013-இல் அந்தக் கொப்பின் அடி 3.5 சென்டிமீட்டர் ஆனதும், முதல் வெட்டுக்கு 9 சென்டிமீட்டர் மேலே இரண்டாவது வெட்டு. கூரையைத் தொட்ட மரம் ஒரு ஜாண் ஆனது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2014-இல் நடந்த வேர் ஒட்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இல்லாத வேரை வரவழைக்க ஒரு வழி, அதே இனக் கன்றை அடிமரத்தில் ஒட்டுவது. கன்றின் தண்டைப் பதிக்க அடிமரத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் அழுத்தி, நகராமல் ஆணி அடித்து, மூடி, ஒரு வருடம் விட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். அப்புறம் கன்றின் தலையை வெட்டிவிட்டால் அதன் வேர் இந்த மரத்தின் வேர். நான் சிறு உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தேன். அப்பா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 35 வருடம் பால் வெட்டினவர், நடுவில் சில வருடம் நாற்றுப் பண்ணையில் ரப்பருக்கு ஒட்டுக் கட்டினவர். கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"என்னடா, அம்மி கொத்துறியா?"

உள்ளே போய்ப் பால்வெட்டுக் கத்தியை எடுத்து வந்தார். வேலையை விட்டு எட்டு வருடம், ஆனால் கத்தியில் துரு இல்லை. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார். கட்டை விரல் நகத்தில் கூர் பார்த்தார். கன்றின் தண்டை அடிமரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு பக்கமும் நகத்தாலேயே கோடு கிழித்தார். கோட்டின் மேல் கத்தி ஓடியது. பால் பொங்கியது. நான் துடைக்கப் போனேன்.

"தொடாத. பால் நிக்கட்டும்."

பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ரப்பரில் ஒட்டுக் கட்டும்போதும் இதே கதைதான். முதலில் கோடு மட்டும் வெட்டிவிட்டு அடுத்தடுத்த கன்றுக்குப் போவார்கள், பால் நின்ற பிறகு திரும்பி வந்து துடைத்து, பட்டையைத் திறப்பார்கள். பால் நடுவில் புகுந்தால் ஒட்டாது. நின்றதும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒரே இழுப்பில் பட்டைச் சீவலை எடுத்தார். உள்ளே வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவில் வழுவழுவென்று ஒரு கோடு, முடி அகலம் இருக்கும். "இதுதான் உசிரு. கன்னுலயும் இது இருக்கு. இதும் அதும் தொடணும், மத்ததெல்லாம் சும்மா" என்றார். கன்றின் இரு பக்கமும் பட்டையைச் சீவி, பள்ளத்தில் வைத்து அழுத்தினார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. நான் இரண்டு மெல்லிய ஆணி அடித்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினேன்.

பட்டையை மெல்லிசாகச் சீவி, மரத்தைக் காயப்படுத்தாமல் திரும்பத் திரும்பப் பாலெடுக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஆராய்ந்து வகுத்தவர் ரிட்லி. அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் உயிர்க்கோட்டுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுச் சீவவும் தெரியும், வேண்டுமானால் அந்தக் கோட்டிலேயே நிற்கவும் தெரியும். அதற்கு மேல் போனால் மரக்காயம், அன்றைக்குக் கங்காணியிடம் ஏச்சு. அன்று மூன்று கன்று ஒட்டினோம். மூன்றில் அவர் வெட்டின இரண்டும் பிடித்தன. நான் வெட்டினது காய்ந்தது. அவர் 2019-இல் போய்ச் சேர்ந்தார். வலப்பக்க வேர் இரண்டும் இப்போது விரல் தடிமன். எது ஒட்டு, எது சொந்தம் என்று கேட்டால் என்னாலேயே யோசித்துத்தான் சொல்ல முடியும்.

2015-இல் நிலத்திலிருந்து எடுத்து மரப்பெட்டிக்கு மாற்றினேன். முதலில் தோட்டத்துச் செம்மண்ணைப் போட்டு ஒரு நவம்பர் மழையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்: தண்ணீர் இறங்கவில்லை, வேர் நுனி கறுத்து, முட்டை அழுகின வாடை. அதிலிருந்து ஐந்து பங்கு உடைத்த செங்கல், மூன்று பங்கு பெருமணல், இரண்டு பங்கு மக்கிய செம்பனை நார். செங்கலைப் பச்சைப் பயறு அளவுக்கு உடைத்து, கொசுவலையில் சலித்து, தூளைக் கொட்டிவிட வேண்டும். தூள் இருந்தால் எந்தக் கலவையும் சேறுதான். கடையில் விற்கும் ஜப்பானிய மண் நல்லதுதான், விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எப்போது மண் மாற்றுவது? குளிர் நாட்டுக்காரர்கள் மொட்டு பருக்கும் வசந்தத்தில் செய்வார்கள். நமக்கு வசந்தம் ஏது. நான் எதிர்வரிசை சின்னத் தோட்டத்து ரப்பரைப் பார்த்து முடிவு செய்கிறேன். அது இலை கொட்டும்போது உரத்தை நிறுத்துவேன். அந்த வறட்சியில் ஷுய் மெய்யும் பாதி இலையை மஞ்சளாக்கித் தள்ளும். மீதியை நான் நறுக்குவேன். ரப்பரில் செம்புத் தளிர் தெரிந்த வாரம் மண் மாற்றி, வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவேன். ஏப்ரல் மழை வரும்போது புது வேர் ஓடியிருக்கும். ரப்பருக்கும் இதற்கும் சொந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் வெயில் முடியப் போகிறது என்பது நாட்காட்டியைவிட அதற்கு நன்றாகத் தெரிகிறது.

கொப்பு வேலை 2015-இலிருந்து 2020 வரை. தவுக்கே சொன்னது குவாங்டோங் பக்கத்து லிங்னான் முறை: வளர விடு, வெட்டு. கம்பி குறைவு, கத்திரி அதிகம். கொப்பு அதன் தாய்த் தண்டில் பாதித் தடிமனுக்கு வரும்வரை கையே வைக்கக் கூடாது. பிறகு இரண்டு கணு விட்டு வெட்ட வேண்டும். ஷுய் மெய்யில் இலை எதிரெதிராக வருவதால், வெட்டின இடத்தில் எப்போதும் இரட்டைத் தளிர் கிளம்பும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். ஒரு துண்டு முடிய ஒன்றரை வருடம். இரண்டாவது துண்டு முதல் துண்டைவிடக் குட்டையாக, மெலிதாக. மூன்றாவது அதைவிட. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. உண்மையில் ஒவ்வொரு மாதமும், 'கொஞ்சம் வெட்டினால் என்ன, அழகாக இருக்குமே' என்று கை அரிக்கும். 2017-இல் அப்படி அவசரப்பட்டு வெட்டின மூன்றாம் கொப்பு இன்றைக்கும் பென்சில் தடிமன்தான். அதன் மேலே இருக்கிற கொப்பு கட்டைவிரல் தடிமன். உச்சி எப்போதும் பலசாலி, கீழ்க்கொப்பு எப்போதும் பட்டினி. அதனால் கீழிருந்து தொடங்கி, கீழே தடித்த பிறகுதான் மேலே போக வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

கம்பி கட்டின ஒரே பெரிய கொப்பு இடப்பக்கத்து முதல் கொப்பு. 2020 பிப்ரவரி கடைசியில் 2.5 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி சுற்றி வளைத்துவிட்டு, வேலைக்காக ஜொகூருக்குப் போனேன். ஆறு வாரத்தில் வந்து கழற்றுவதாகத் திட்டம். மார்ச் 18-இல் நாடு மூடப்பட்டது. இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் கொப்பு தடிப்பது வேகம்; ஏழாவது வாரம் மனைவி அனுப்பின படத்தில் கம்பி பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது. கைப்பேசியில் பார்த்தபடியே சொன்னேன், அவிழ்க்காதே, வெட்டு என்று. சுற்றினதைத் திருப்பி அவிழ்த்தால் கொப்பு முறியும். ஒவ்வொரு சுற்றிலும் கம்பியை மட்டும் நறுக்கித் துண்டு துண்டாக எடுக்க வேண்டும்.

"என்னங்க, இதுல எது கம்பி, எது மரம்?"

"மினுக்குறது கம்பி."

"எல்லாம் பச்சையாப் பாசி புடிச்சிருக்கு."

ஒன்றரை மணி நேரம். 22 துண்டு. எண்ணி ஒரு மிளகாய்ப்பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கொப்பில் திருகாணி மாதிரித் தழும்பு இன்னும் இருக்கிறது, மேல்பக்கம் மறைந்துவிட்டது, கீழே குனிந்து பார்த்தால் தெரியும். அந்தக் கொப்பை இப்போது அவள் கொப்பு என்றுதான் வீட்டில் சொல்கிறோம். பூ வந்தால் முதல் பூ அதில் வர வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பும் உண்டு.

பூவைப் பற்றி. ஷுய் மெய் புதுத் தளிரின் நுனியில் பூக்கும். எல்லா இலையையும் எடுத்துவிட்டால் எல்லாத் தளிரும் ஒன்றாக வரும், பூவும் ஒன்றாக வரும். சீனர்கள் தங்கள் புத்தாண்டுக்குக் கணக்குப் பண்ணி இப்படி உரிப்பார்கள். நான் தீபாவளிக்குக் கணக்குப் போட்டேன். 2023 தீபாவளி நவம்பர் 12. அக்டோபர் 18-இல் இலையெல்லாம் நறுக்கினேன். காம்பில் துளி விட்டு நறுக்க வேண்டும், காம்பின் இடுக்கில்தான் அடுத்த மொட்டு தூங்குகிறது. இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது என்பது தெரிந்தும், மழைக்கு ஒதுக்கி வைக்கச் சோம்பல்பட்டேன். வெயிலே இல்லை. தீபாவளியன்று மிளகு அளவு மொட்டு. பூ அடுத்த வாரம்தான். வந்தவர்கள் முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுக் குச்சியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31. செப்டம்பர் 28-இலேயே நறுக்கி, கூரை நீட்டின் கீழே, ஆனால் காலை வெயில் முழுக்கப் படும் இடத்தில் வைத்தேன். உரம் அதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு நிறுத்திவிட்டேன். மண் மேல்புறம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். 29-ஆம் தேதி சாயங்காலம் முதல் பூ. அவள் கொப்பில் இல்லை, உச்சியில். தீபாவளி விடியற்காலை எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தபோது கொல்லை முழுக்க வாசம். இதை வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் நான் செய்வதில்லை. நோயாளி மரத்திலும், மண் மாற்றின மரத்திலும் செய்யவே மாட்டேன். சேமித்து வைத்ததை எடுத்துத்தான் மரம் மறுபடி இலை விடுகிறது.

இப்போதைய நிலை: உயரம் 48 சென்டிமீட்டர், அடி 14. நீள்வட்டச் சட்டி, 2022-இல் வாங்கினது, ஒரு விரல் ஆழம் அதிகம். மாவுப்பூச்சி வருடத்துக்கு இரண்டு முறை எறும்போடு சேர்ந்து வரும், பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும். மூன்றாம் கொப்புக்கு மேலே இருப்பதை வரும் பிப்ரவரியில் பாதியாக வெட்டி, மூன்றாவதை இரண்டு வருடம் தொடாமல் விடப் போகிறேன். மகன், அதை எடுத்துவிட்டுப் புதுக்கொப்பு ஒட்டலாம் என்கிறான். தாத்தாவின் கத்தியை எண்ணெய்த் துணியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறான். முதலில் வேலியோரத்துச் செம்பருத்தியில் வெட்டிப் பழகச் சொல்லியிருக்கிறேன். நேற்று பார்த்தேன், எட்டு வெட்டு. ஏழில் மரம் தெரிகிறது.